பழைய கெர்னல்கள்: எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது

2018 ஜனவரித் தொடக்கத்தில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பெரிய ஓட்டைகள் ப்ராசஸர்களிலேயே இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. அடுத்த வாரமே உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 16.04 பதிப்புக்கு மெல்ட்டவுன் ஓட்டையை அடைக்கும் புதிய கெர்னல் வந்தது. கெர்னல் என்பது வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைக்கும், இயக்க முறைமையின் மையப் பகுதி. அதன் எண் 4.4.0-108. அதை நிறுவிவிட்டுக் கணினியை மறுபடி துவக்கியவர்களில் சிலருக்குக் கணினி பாதியிலேயே நின்றுபோனது. தவறைச் சரிசெய்து 4.4.0-109 உடனே வெளிவந்தது. ஆனால் துவங்கவே துவங்காத கணினியில் அதை எப்படி நிறுவுவது? எந்தக் கெர்னலில் துவங்குவது என்று தேர்ந்தெடுக்க உதவும் க்ரப் மெனுவைத் திறந்து, முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக முடிந்தவர்களுக்குச் சில நிமிட வேலைதான். முந்தையதைத் துடைத்து வைத்திருந்தால், இன்னொரு கணினியில் லைவ் யூஎஸ்பி (கணினியைத் தன்னிலிருந்தே துவக்கும் பென்டிரைவ்) தயாரித்து, அதிலிருந்து உள்ளே நுழைந்து பழுது பார்க்க வேண்டும்.

பழைய கெர்னலை நீக்குவது பற்றி யார் கேட்டாலும் நான் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குவேன். லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பது, “எத்தனையை நீக்கினால் எவ்வளவு இடம் மிஞ்சும்?” என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: “நாளை புதியது துவங்காவிட்டால் எதை வைத்து உள்ளே போவேன்?” இதற்குப் பதில் கையில் இருந்தால் முதல் கேள்வி எளிதாகிவிடும்.

பெயரிலேயே இருக்கும் எண்

லிப்ரெஆபிஸுக்குப் புதிய பதிப்பு வந்தால் பழையது தானே போய்விடுகிறது. கெர்னல் மட்டும் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கிறது? யாரோ மறந்துபோய் விட்ட குறை இல்லை இது, தெரிந்தே செய்த ஏற்பாடு.

டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு, மின்ட் போன்றவற்றிலும் ஒரு பொதியை (மென்பொருளை நிறுவுவதற்கான தொகுப்பை) புதுப்பிப்பது என்றால், அதே பெயருள்ள பழைய பொதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பது என்று பொருள். சென்னை சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் கெர்னல் பொதியின் பெயரிலேயே பதிப்பெண் ஒட்டியிருக்கும். ‘லினக்ஸ்-இமேஜ்-5.15.0-91-ஜெனரிக்’ என்பது ஒரு முழுப் பெயர். அடுத்து 92 என்ற எண்ணோடு வருவது, பொதி மேலாளரான ஆப்ட்டின் பார்வையில் முற்றிலும் வேறொரு பொதி. பழையதற்கு மாற்றாக அல்ல, அதற்குப் பக்கத்தில் புதிதாகக் குடியேறுகிறது. இந்தப் பெயர் மாறிக்கொண்டே இருப்பதால், உபுண்டுவில் மாறாத பெயரில் ‘லினக்ஸ்-ஜெனரிக்’ என்று ஒரு பொதி வைத்திருக்கிறார்கள். அதற்குள் கெர்னல் எதுவும் கிடையாது. “இப்போதைக்குப் புதிய கெர்னல் இது, இதை நிறுவு” என்று சுட்டிக்காட்டுவது மட்டுமே அதன் வேலை. இந்தச் சுட்டுப் பொதியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏன் பக்கத்தில் வைக்க வேண்டும், மேலேயே எழுதிவிட்டால் என்ன? கணினி துவங்கும்போது கெர்னலின் முக்கியப் பகுதி நினைவகத்துக்குள் ஏறிவிடுகிறது. அதன் பிறகு டிஸ்க்கில் இருக்கும் அந்தக் கோப்பு அழிந்தாலும் ஓட்டம் நிற்காது. ஆனால் எல்லா டிரைவர்களும் அப்படி ஏறுவதில்லை. பென்டிரைவுக்கானது, புதிதாகச் செருகும் வைஃபை கருவிக்கானது, அரிதாகப் பயன்படும் கோப்பு முறைமைக்கானது எல்லாம் மாட்யூல்களாக, பதிப்புக்கொரு தனி அடைவில் டிஸ்க்கிலேயே காத்திருக்கும். தேவைப்படும் நொடியில்தான் கெர்னல் அவற்றை இழுத்துக்கொள்ளும். ஓடுகிற கெர்னலுக்கும் மாட்யூலுக்கும் பதிப்பு அச்சாகப் பொருந்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல் அடைவை அழித்துவிட்டால் கணினி நன்றாகத்தான் ஓடும், நீங்கள் பென்டிரைவைச் செருகும் வரை.

ஆர்ச் லினக்ஸ் வேறு வழியில் போகிறது. அங்கே கெர்னல் பொதிக்கு ஒரே பெயர். புதியது வந்ததும் பழையதும் அதன் மாட்யூல்களும் போய்விடும். அப்டேட் செய்த கையோடு ரீபூட் செய்யாதவர்களுக்கு யூஎஸ்பி வேலை செய்யாமல் போவது அங்கே எல்லோருக்கும் பழக்கமான அனுபவம். அதனால்தான் ஆர்ச் பயன்படுத்துகிறவர்களில் பலர் நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் கெர்னலையும் துணைக்கு நிறுவி வைக்கிறார்கள். டெபியன் குடும்பம் இந்தத் துணையைத் தானாகவே தந்துவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் இடம்.

எங்கே நெருக்குகிறது

ஒரு கெர்னல் என்பது ஒரு கோப்பு அல்ல. /பூட் அடைவில் சுருக்கப்பட்ட கெர்னல் ஒன்று, துவக்கத்தின் முதல் சில நொடிகளுக்குத் தேவையான சிறு கோப்பு முறைமையான இனிட்ஆர்டி ஒன்று, அவற்றோடு இரண்டு சிறிய கோப்புகள். மாட்யூல்கள் வேறிடத்தில். கெர்னலுக்கேற்ப டிரைவர்களைக் கட்டப் பயன்படும் ஹெடர் பொதிகள் இன்னோரிடத்தில். எல்லாம் கூட்டினால் ஒரு கெர்னலுக்குச் சில நூறு எம்பி ஆகும். 500 ஜிபி டிஸ்க்கில் /பூட் தனியாகப் பிரிக்கப்படாமல் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே பழைய கெர்னலை நீக்கி இடம் பிடிக்க நினைப்பவர், பதிவிறக்க அடைவைத் திறந்து பார்த்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

நெருக்கடி வருவது /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருக்கும்போது. நிறுவும்போது முழு டிஸ்க்கையும் என்க்ரிப்ட் செய்யச் சொன்னால் உபுண்டு /பூட்டை மட்டும் தனியே பிரித்து என்க்ரிப்ட் செய்யாமல் விடும். பூட்டைத் திறக்கும் கருவி பூட்டுக்கு வெளியில்தானே இருக்க வேண்டும். பழைய உபுண்டு நிறுவிகள் இதற்கு ஒதுக்கிய இடம் 250 எம்பிக்கும் குறைவு. அந்தக் காலத்து இனிட்ஆர்டிக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னால் ஃபர்ம்வேர் கோப்புகள் பெருகின, என்விடியா போன்ற டிரைவர்கள் உள்ளே வந்தன. இன்று ஒரே ஒரு இனிட்ஆர்டி 100 எம்பியைத் தாண்டுவது சாதாரணம். புதிய நிறுவிகள் /பூட்டுக்குத் தாராளமாக ஒதுக்குகின்றன. ஆனால் பழைய நிறுவலையே பதிப்புக்குப் பதிப்பு உயர்த்திக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தச் சிறிய அறை அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். இனிட்ஆர்டியைப் புதுப்பிக்கும்போது கணினி பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்தில் தனிப் பெயரில் முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பழையதன் இடத்துக்கு மாற்றும். பாதுகாப்பான முறை இது. ஆனால் இதற்கு எப்போதும் இன்னொரு இனிட்ஆர்டி அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே 90 சதவீதம் நிரம்பிய /பூட், பார்ப்பதற்கு இன்னும் இடமிருப்பது போலத் தெரிந்தாலும், ஏற்கெனவே சிக்கலில்தான் இருக்கிறது.

வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர்களில் இதே நெருக்கடி வேறு முகத்தோடு வரும். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை பாதி டிஸ்க் காலி என்று காட்டும். ஆனாலும் “இடமில்லை” என்ற பிழை வந்துகொண்டே இருக்கும். காரணம் ஐநோட், அதாவது கோப்பின் விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவு. ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் ஒரு ஐநோட் வேண்டும், அவற்றின் எண்ணிக்கை டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. கெர்னல் ஹெடர் பொதிகளில் இருப்பவை பல்லாயிரம் குட்டிக் கோப்புகள். நீக்கப்படாமல் கிடக்கும் பத்துப் பதினைந்து ஹெடர் பொதிகளே சிறு சர்வரின் ஐநோட்களை முழுதாக விழுங்கிவிடும். டிஎஃப் கட்டளையோடு ‘ஐ’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கேட்டால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

நீக்குவது

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: அப்டேட் செய், ரீபூட் செய், சோதித்துப் பார், அதன் பிறகு நீக்கு. நடுவில் இருக்கும் இரண்டு படிகளைத்தான் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். புதிய கெர்னல் துவங்கினால் மட்டும் போதாது. வைஃபை கிடைக்கிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, வெளித்திரை வேலை செய்கிறதா என்று இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலைகளைச் செய்து பார்க்க வேண்டும். என்விடியா டிரைவரோ விர்ச்சுவல்பாக்ஸோ வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றின் மாட்யூல்கள் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகக் கட்டப்படலாம். புதிய கெர்னலுக்குக் கட்டுவது தோற்றுப்போனால், முந்தைய கெர்னல்தான் ஒழுங்கான திரை கிடைக்கும் ஒரே இடம்.

முதலில் யூநேம் கட்டளையை ‘ஆர்’ விருப்பத்தோடு கொடுத்து, இப்போது எந்தக் கெர்னலில் இருக்கிறோம் என்று பாருங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி வைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிறகு, ஆப்ட்டுக்கு அடியில் இருந்து பொதிகளைக் கையாளும் டிபிகேஜியின் பட்டியலில் ‘லினக்ஸ்-இமேஜ்’ என்று தொடங்குபவற்றைப் பாருங்கள். முன்னால் ‘ஐஐ’ என்று இருந்தால் நிறுவப்பட்டிருக்கிறது. ‘ஆர்சி’ என்று இருந்தால் ஏற்கெனவே நீக்கப்பட்டது, அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம். அதனால் இடம் ஏதும் அடைபடவில்லை, கண்ணுக்கு உறுத்தினால் பர்ஜ் செய்யலாம், அதாவது அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கலாம்.

இதற்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது ஒரே கட்டளை: ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’. அது கண்மூடித்தனமாக அழிப்பதில்லை. இப்போது ஓடும் கெர்னலையும், நிறுவியவற்றுள் புதியதையும் அது தொடாது. சார்புக்காக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றை மட்டும் பட்டியலிட்டு, “சரியா?” என்று கேட்கும். அந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், கெர்னல் அல்லாத வேறு பொதிகளும் அதில் இருக்கக்கூடும். உபுண்டுவில் தானியங்கி அப்டேட் வசதி இப்போது பழைய கெர்னல்களைத் தானே நீக்கிவிடுகிறது. முன்பு அது புதியவற்றை நிறுவும், பழையவற்றை எடுக்காது. கணினிக்கு உரியவருக்கே தெரியாமல் /பூட் நிரம்பிய கதைகளில் பாதி அங்கே பிறந்தவை. லினக்ஸ் மின்ட்டில் கட்டளையே வேண்டாம், அப்டேட் மேலாளரில் கெர்னல்களுக்கென்றே ஒரு சாளரம் இருக்கிறது.

ஆட்டோரிமூவ் ஒரு பழைய கெர்னலைத் தொடவே மறுத்தால், அதை யாரோ முழுப் பெயர் சொல்லிக் கையால் நிறுவியிருக்கலாம். அப்படி நிறுவியதை ஆப்ட் “இது வேண்டும் என்று கேட்டு வாங்கியது” என்று குறித்துவைத்துக்கொள்ளும், தானாக நீக்காது. அதைப் பெயர் சொல்லித்தான் பர்ஜ் செய்ய வேண்டும்.

பெயர் சொல்லி நீக்கும்போதுதான் கை தவறுகிறது. முதல் கண்ணி, வரிசை. சாதாரணக் கோப்புப் பட்டியலில் 5.4.0-100 என்பது 5.4.0-99-க்கு முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் அங்கே ஒப்பிடப்படுவது எழுத்து, எண் அல்ல. மேலே இருப்பதுதான் பழையது என்று நினைத்து நீக்கினால் போவது புதியது. இரண்டாவது கண்ணி, நாம் முன்பு பார்த்த சுட்டுப் பொதி. ‘லினக்ஸ்-ஜெனரிக்’ என்பதில் எண் இல்லையே, இது எதற்கு என்று நீக்கிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கெர்னல் அப்டேட்டும் உங்கள் கணினிக்கு வராது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. மாதக்கணக்கில் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், துவங்காமல் போகும் கணினியைவிட இதுதான் மோசம். துவங்காதது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, இணையத்தில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிவரும் நீளமான ஒருவரிக் கட்டளைகள். நிறுவிய எல்லா கெர்னல்களையும் பட்டியலிட்டு, இப்போது ஓடுவதை மட்டும் கழித்து, மீதி அனைத்தையும் கேள்வி கேட்காமல் பர்ஜ் செய்பவை. அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாத நிலையில் இதை ஓட்டினால், பழையவற்றோடு இன்னும் ஒருமுறைகூடத் துவங்காத புதிய கெர்னலும் போய்விடும். மிஞ்சுவது ஒன்றே ஒன்று. என்ன செய்கிறது என்று வரிக்கு வரி படிக்கத் தெரியாத கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சுடோவோடு ஓட்டாதீர்கள். ஆட்டோரிமூவ் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே நீக்கப் பார்த்தால் டெபியனும் உபுண்டுவும் ஒரு திரையைக் காட்டித் தடுக்கும். அங்கே கேள்வி தலைகீழாக இருக்கிறது: “நீக்குவதைக் கைவிடவா?” என்று கேட்கும். அங்கே ‘ஆம்’ என்பதுதான் பாதுகாப்பான பதில். அவசரத்தில் “நீக்கவா?” என்று கேட்பதாக நினைத்துப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். பழைய கெர்னலில் ஓட்டை இருப்பதால்தானே புதியது வந்தது, அதை விட்டுவைப்பது ஆபத்து இல்லையா? 2016-இல் வெளிவந்த டர்ட்டி கவ் ஓட்டை, 2007-இலிருந்தே கெர்னலில் இருந்து வந்தது. அப்படிப்பட்ட ஓட்டை ஓடும் கெர்னலில் இருந்தால்தான் தீங்கு. டிஸ்க்கில் தூங்கும் கெர்னலை வெளியிலிருந்து யாரும் தாக்க முடியாது. துவக்கும் நேரத்தில் உங்கள் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து பழையதைத் தேர்ந்தெடுக்கக்கூடியவருக்கு அதைவிட எளிய வழிகள் பல உண்டு. ஆகவே முந்தையது ஒன்று இருக்கலாம். ஐந்தாறு தேவையில்லை.

/பூட் நிரம்பி எல்லாம் நின்றுபோனால்

பலர் பழைய கெர்னல்களைப் பற்றி முதல்முறை கேள்விப்படுவதே இங்கேதான். அப்டேட் நடுவில் “இடமில்லை” என்று நின்றுவிட்டது. புதிய கெர்னல் பாதி நிறுவிய நிலை. ஆப்ட் எதைக் கேட்டாலும் முதலில் உடைந்ததைச் சரிசெய் என்கிறது. சரிசெய்ய இடம் வேண்டும். இடத்துக்கு ஆட்டோரிமூவ் கொடுத்தால் அதுவும் உடைந்ததைச் சுட்டிக்காட்டி மறுக்கிறது.

முதல் விதி: இந்த நிலையில் ரீபூட் செய்யாதீர்கள். புதிய கெர்னல் கோப்பு /பூட்டில் வந்து அமர்ந்து, அதற்கான இனிட்ஆர்டி எழுதப்படாமல் போயிருக்கலாம். க்ரப் அதையே முதல் தேர்வாக எடுத்துக்கொண்டால், ரூட் கோப்பு முறைமையைக் கண்டுபிடிக்க முடியாமல் கெர்னல் ‘பேனிக்’ ஆகி அப்படியே நின்றுவிடும். இப்போது கணினி ஓடுகிறது, கையில் டெர்மினல் இருக்கிறது, அதை இழக்காதீர்கள்.

இரண்டாவது விதி: /பூட்டுக்குள் போய் கோப்புகளை ஆர்எம் கட்டளையால் அழிக்காதீர்கள். கோப்பு போய்விடும், பொதிப் பதிவேட்டில் மட்டும் அந்தக் கெர்னல் இன்னும் நிறுவப்பட்டதாகவே இருக்கும். அதை நம்பும் மற்றப் பொதிகள் அடுத்தடுத்த அப்டேட்களில் குழம்பும், மாட்யூல்களும் ஹெடர்களும் அடைத்த இடம் அப்படியே கிடக்கும். கெர்னலை நீக்குவது என்பது கோப்பை அழிப்பதோடு பதிவேட்டைத் திருத்துவதும், இனிட்ஆர்டியை எடுப்பதும், க்ரப் மெனுவைப் புதுப்பிப்பதும் சேர்ந்த வேலை. பொதி மேலாளர் இவை அத்தனையையும் ஒரே மூச்சில் செய்கிறது.

ஆப்ட் மறுத்தாலும் அதற்குக் கீழே இருக்கும் டிபிகேஜி கேட்கும். யூநேம் காட்டும் கெர்னலும் வேண்டாம், பாதியில் நிற்கும் புதியதும் வேண்டாம். மிகப் பழைய ஒன்றைத் தேர்ந்தெடுத்து டிபிகேஜி மூலம் பர்ஜ் செய்யுங்கள். அதன் கூடுதல் மாட்யூல் பொதி அதைச் சார்ந்திருப்பதால் “முடியாது” என்று சொன்னால், இரண்டு பெயரையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். ஒரு கெர்னல் போனதும் /பூட்டில் மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு உடைந்ததைச் சரிசெய்யும் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ விருப்பத்தோடு ஆப்ட் இன்ஸ்டால், அதன் பிறகு ஆட்டோரிமூவ். இந்த வரிசை பெரும்பாலும் வேலை செய்யும்.

டிபிகேஜியும் மறுக்கும் அளவுக்கு நிரம்பியிருந்தால், ஓடாத பழைய கெர்னல் ஒன்றின் இனிட்ஆர்டியை மட்டும் வீட்டு அடைவுக்கு நகர்த்தலாம். அழிப்பதல்ல, நகர்த்துவது. கிடைத்த இடத்தில் நின்றுபோன நிறுவலை முடித்துவிட்டு, வேறு பழைய கெர்னலை முறையாக நீக்கிவிட்டு, நகர்த்தியதை மறுபடி அதன் இடத்திலேயே வையுங்கள். பிறகு அதையும் நீக்க வேண்டுமானால் ஆப்ட் வழியாகவே நீக்குங்கள்.

சிறிய /பூட்டோடுதான் வாழ வேண்டும் என்றால் இனிட்ஆர்டியைச் சுருக்கலாம். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்கள் என்ற வரியில் ‘மோஸ்ட்’ என்று இருப்பதை ‘டெப்’ என்று மாற்றினால், இந்தக் கணினிக்கு வேண்டியவை மட்டும் உள்ளே போகும், அளவு நன்றாகக் குறையும். ஆனால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் துவங்காமல் போகலாம். சர்வரில் நான் இதைச் செய்வதில்லை. புதிதாக நிறுவும் வாய்ப்பு கிடைத்தால் /பூட்டுக்கு ஒரு ஜிபிக்கு மேல் கொடுத்துவிடுங்கள். என்க்ரிப்ட் செய்த டிஸ்க்கில் பின்னால் பெரிதாக்குவது நிறைய நேரம் தின்னும் வேலை.

ஃபெடோராவில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பொதி மேலாளரான டிஎன்எஃப் இயல்பாகவே மூன்று கெர்னல்களை வைத்துக்கொண்டு, நான்காவது வரும்போது மிகப் பழையதை எடுத்துவிடுகிறது. எண்ணை அமைப்புக் கோப்பில் மாற்றலாம். ஓப்பன்சூசே இன்னும் தெளிவாக, “புதியது, அதற்கு முந்தையது, இப்போது ஓடுவது” என்று வார்த்தைகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. இதைவிட நல்ல கொள்கையை நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்த பிறகு நான் செய்யும் ஒன்று, ஐந்து நிமிட வேலை. கணினியை மறுபடி துவக்கி, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட் விசையையும், யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசையையும் அழுத்தி க்ரப் மெனுவை வரவழைப்பேன். அதில் கூடுதல் விருப்பங்கள் பகுதிக்குள் போய், விட்டுவைத்த அந்த முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை துவக்கிப் பார்ப்பேன். எந்த விசை, எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்பது கணினிக்குக் கணினி மாறும். உள்ளே போனதும் யூநேம் கொடுத்து எண்ணைச் சரிபார்த்துவிட்டு, மறுபடி புதியதுக்கே திரும்பிவிடுவேன்.